மருந்தா மலையா என்று கேட்டவர்

அன்பு மகனுக்கு,

நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிப் பெங்களூர் போனாய். இன்று வியாழக்கிழமை. இந்த நான்கு நாளும் பட்டறையைத் திறந்து வைத்து உட்கார்ந்ததுதான் மிச்சம், வேலை ஒன்றும் ஓடவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு மோட்டார் பிரித்தது பிரித்தபடி முன்னால் கிடக்கிறது. உன் அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டு, "கல்யாண வேலை தலைக்கு மேல இருக்குது, இங்க இன்னா எழுதிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பத்திரிகைக்கு விலாசம் எழுதுகிறேன் என்றேன். பொய் எனக்கு எவ்வளவு சுலபமாக வருகிறது பார். போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் குரல் கொஞ்சம் மாறினாலே அதற்குத் தகுந்த மாதிரி நானும் பேச்சை மாற்றிவிடுவேன். காகிதம் என்றால் எழுதியது எழுதியபடி நிற்கும்.

அன்றைக்கு ஏகாம்பரம் வீட்டில் தட்டு மாற்றிக்கொண்டபோது நீ வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாய். உள்ளே பத்துப் பேர் இருந்தோம். ஏகாம்பரம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மூச்சு வாங்க வாங்க, எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மலை சுத்த எனக்கு வழி காட்டினதே இவருதான். இவருக்கு அவன் கை கொடுத்தான். எனக்குக் கொடுக்கல. என் நடையில ஏதோ குறை இருந்துட்டுது, மெக்கானிக்கே. இன்னா குறைன்னுதான் இத்தினி வருஷமா தெரியல." சுற்றி இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்துக்கொண்டே தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இன்னும் மூன்று வாரத்தில் அவர் மகள் கவிதாவின் கழுத்தில் நீ தாலி கட்டப் போகிறாய். அதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. உனக்குப் பாதி தெரியும். மோசமான பாதி தெரியாது.

தெரிந்த பாதியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வருஷம் எனக்குப் பட்டறையிலிருந்து டீக்கடை வரை நடக்க முடியவில்லை. நாலு எட்டு வைத்தால் நெஞ்சின் மேல் கல்லை ஏற்றி வைத்த மாதிரி இருக்கும். நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு, கம்பத்தைப் பிடித்தபடி, யாருக்கோ காத்திருப்பவன் போல நிற்பேன். ஆஞ்சியோ எடுத்த டாக்டர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். எல்லாக் குழாயும் கடைசி வரை சன்னமாக அடைத்துக் கிடக்கிறது, பைபாஸ் செய்ய ஒட்டுப்போட இடம் இல்லை, பலூனும் போகாது. இருக்கிற மாத்திரையோடு காலத்தை ஓட்டுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அது புரிந்தது. உப்புத் தண்ணீர் ஓடி முழுக்கக் காறை பிடித்த பைப்பில் எந்த இடத்தில் வெட்டிக் கப்ளிங் போடுவது? ஆனால் நீ விடவில்லை. சென்னையில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். என் ஆஞ்சியோ படத்தைப் பெரிய காக்கிக் கவரில் போட்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாய். அந்த வருஷம் எழுத வேண்டிய பரீட்சையை நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் நானாக இருப்பேன் என்று தெரியும்.

கடைசியில் நீ கண்டுபிடித்த அந்த டாக்டர், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் மாங்காய் மாதிரி ஒரு இதயத்தை வரைந்து, அதில் பேனாவால் குத்திக் குத்திக் காட்டினார். விலா எலும்புக்கு நடுவே கீறி, லேசர் கதிரால் இதயத்தின் சதையில் வெளியிலிருந்து உள்ளே வரை சின்னச் சின்னத் துளைகள் போடுவோம். துளையின் வெளி வாய் விரலால் அழுத்தினால் மூடிக்கொள்ளும் என்றார். "இதயம் ஓடிக்கினு இருக்கும்போதேவா?" என்று கேட்டேன். "ஆமா, நிறுத்தாமலே" என்றார். "மோட்டாரை நிறுத்தாம போர் போடறீங்களே, என்னைவிட நீங்க பெரிய மெக்கானிக்" என்றேன். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "வலி குறையும்னு நம்பறேன். உடனே குறையாது, மூணு நாலு மாசம் ஆகும். ஆயுள் கூடும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். வலி ஏன் குறையுதுன்னு எங்களுக்கே இன்னும் முழுசாப் புரியல. புதுசா ரத்தக் குழாய் முளைக்குதுன்னு சிலர் சொல்றாங்க, வலி தெரியற நரம்பு மரத்துப்போகுதுன்னு சிலர் சொல்றாங்க." அவ்வளவு நேர்மையாகப் பேசிய டாக்டரை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. அந்த நேர்மையைத்தான் நான் பிறகு எனக்குச் சாதகமாக்கிக்கொண்டேன். அவர்களுக்கே தெரியாது என்றால் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா?

இருபத்தெட்டுத் துளை. நீ ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தாய் என்று அம்மா சொன்னாள். ஊருக்குத் திரும்பினோம். வந்த அன்றைக்கே அம்மா என் வாயைக் கட்டினாள். அவள் காதில் "துளை" என்றது "ஓட்டை" என்றுதான் விழுந்திருந்தது. "இதயத்துல ஓட்டைன்னு வெளிய தெரிஞ்சா அது பரம்பரை வியாதின்னு பேசுவாங்க. பொண்ணுக்கு வரன் பார்த்துக்கினு இருக்கிறோம். ஒருத்தரும் வாசப்படி மிதிக்க மாட்டாங்க" என்றாள். உன் அக்காவுக்கு அப்போது இரண்டு இடத்திலிருந்து ஜாதகம் வந்திருந்தது. பிறக்கும்போதே இருக்கிற ஓட்டை வேறு, டாக்டர் போட்ட துளை வேறு என்று யாரிடம் போய் விளக்குவது? சென்னைக்குப் புது மோட்டார் பயிற்சிக்குப் போனேன், அங்கே நுரையீரலில் சளி கட்டிப் படுத்துவிட்டேன் என்று சொல்லி வைத்தோம். அந்தப் பொய்யை நீயும் ஒத்துக்கொண்டாய். அதுவரை குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தகப்பனுக்கு இருக்கிற பயம், அவ்வளவுதான்.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். இந்த ஊரில் மேடு பள்ளம் இல்லாமல், நிழலோடு, நடக்கத் தோதாக இருப்பது மலை சுற்றும் பாதை. அதனால் காலையில் அங்கே போனேன். முதல் மாதம் ஆசிரமம் வரை. பிறகு இன்னும் கொஞ்சம். டாக்டர் சொன்ன கணக்குப்படியே நாலாவது மாதம் நெஞ்சில் கல் இறங்கியது, ஒருநாள் முழுச் சுற்றும் வந்துவிட்டேன். ஊர் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது? பட்டறைக்கு வந்த ஒருவர், "இன்னா மெக்கானிக்கே, மூஞ்சி தெளிஞ்சு போச்சு, எந்த வைத்தியம்?" என்று கேட்டார். நான் மலைப் பக்கம் கையைக் காட்டி, "அவன்தான் வைத்தியன்" என்றேன். அந்த நேரம் பார்த்து நீ சென்னையிலிருந்து அடுத்த மாதத்து மாத்திரைகளை வாங்கிக்கொண்டு பட்டறைப் படியில் வந்து நின்றாய். மாத்திரைப் பையை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாய். மறுநாள் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகக் குனிந்து, "அந்த டாக்டர் பேரையாவது ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாய். அக்கா கல்யாணம் முடியட்டும் என்று சொன்னேன்.

அக்கா கல்யாணம் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை தெரியுமா? அதற்குள் எனக்கு அது ருசியாகிவிட்டது. மோட்டார் ரிப்பேர் செய்கிறவனை இந்த ஊரில் யார் மதிப்பார்கள்? கிணற்றில் இறங்கும்போது "யோவ்" என்பார்கள், ஏறி வந்தால் பீடி நீட்டுவார்கள். இப்போது என்னோடு காலையில் இருபது பேர் நடந்தார்கள். "மெக்கானிக் ஐயா வந்துட்டாரு, புறப்படலாம்" என்று காத்திருந்தார்கள். ஒரு பக்திப் பத்திரிகையில் விபூதி பூசிய என் படத்தைப் போட்டு அரைப் பக்கம் எழுதினார்கள். அதை நீ பார்த்துவிட்டாய் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த வருஷம் தீபத்துக்கு நீ ஊருக்கு வரவில்லை. என்னோடு நடந்தவர்களில் பாதிப் பேர் வெறும் மேலோடு துண்டு மட்டும் போட்டு நடந்தார்கள். நான் மட்டும் சட்டையைக் கழற்றவே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கிணற்றுக்குள் வெறும் உடம்போடு வேலை செய்தவன், கிணற்றுக்குள்ளும் சட்டையோடு இறங்கினேன். இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து முதுகுப் பக்கம் வளைந்து போகிற தையல் தழும்பு வெளியே தெரியக் கூடாது என்ற கவலை. மாத்திரைகளைப் பழைய கிரீஸ் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். இவ்வளவு வேலையும் எதற்கு? மலையைக் காப்பாற்றவா? மலைக்கு என் பொய் எதற்கு? நான் இன்றைக்கும் அவனைக் கும்பிடுகிறேன். அவன் பெயரை முன்னால் நிறுத்திவிட்டு அதன் மறைவில் ஒளிந்துகொண்டவன் நான்.

இனிமேல் உனக்குத் தெரியாதது. ஏகாம்பரம் அப்போது டவுன் பஸ் டிரைவர். நீ பள்ளிக்கூடம் போனதே அவர் ஓட்டிய பஸ்ஸில்தான். என் சாமான்களை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்து இருபது வருஷமாகப் பழக்கம். அக்கா கல்யாணம் முடிந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் காக்கி உடுப்போடு பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய கவர். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அதே மாதிரிக் கவர். வேலூர்ப் பக்கம் போய் ஆஞ்சியோ எடுத்திருக்கிறார். மூன்று அடைப்பு, ஆனால் குழாய்கள் நல்ல தடிமன், பைபாஸ் செய்தால் சரியாகிவிடும், ஒரு மாதத்துக்குள் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு இல்லை என்று சொன்ன வழி அவருக்கு இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் வந்தார். பட்டறையில் அப்போது என்னோடு நடக்கிற இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏகாம்பரம் அவர்களைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "மெக்கானிக்கே, நெஞ்சக் கிழிக்கிறேன்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்குது. அப்போ நீ நாக்குக்கு அடியில மாத்திரைய வெச்சிக்கினு கம்பத்தப் பிடிச்சு நின்னத நான் பஸ்லேர்ந்து பார்த்திருக்கிறேன், நீ ஒருத்தன்தான் இதுல அடிபட்டவன். உண்மையச் சொல்லு. உனக்குக் கேட்டது மருந்தா, மலையா?"

நான் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். பிறகு, "மலை" என்றேன்.

ஒரே ஒரு சொல். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "நீ நடக்கிறதும் நட, ஆஸ்பத்திரிக்கும் போ" என்று சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகு பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாண்டில் பிடித்து, சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். போகலாம் போகலாம் என்று நினைத்தபடியே கையிலிருந்த மோட்டாருக்குச் சுருள் கட்டி முடித்தேன். ஏகாம்பரம் ஒரு மண்டலம் நடக்கிறதாக வேண்டிக்கொண்டார். டியூட்டிக்கு முன்னால் தினமும் விடியற்காலையில், செருப்பு இல்லாமல், பதினாலு கிலோமீட்டர். வழியில் வலி வந்தால் நிற்பார், குறைந்ததும் நடப்பார். வலி வருவதே வினை கரைவதற்கு என்று அவருக்குச் சொன்னது என் கூட்டத்தில் ஒருவர். நான் பக்கத்தில் நடந்துகொண்டுதான் இருந்தேன். முப்பத்தோராவது நாள் நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் அவர் தலை என் மடியில் இருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் பாதிச் சதை செத்துவிட்டது, இனி ஆபரேஷனாலும் பிரயோஜனம் இல்லை என்றார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்த மனுஷன் டிப்போவில் சீட்டு எழுதுகிற மேஜைக்குப் போனார். கவிதா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் நடப்பதை நிறுத்தினேன். முட்டி வலி என்று சொன்னேன். வாரம் தவறாமல் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனேன், மருந்து வாங்கிக் கொடுத்தேன், அவர் வீட்டு மோட்டாரை நானே பார்த்துக்கொண்டேன். இவ்வளவு நல்ல சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்று அவர் மனைவி சொல்வாள். நீயும் கவிதாவும் பேசி முடிவு செய்து என்னிடம் வந்தபோது எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, நிம்மதி. அவர் குடும்பத்துக்கு என்னவோ நான் திருப்பிச் செய்கிற மாதிரி இருந்தது. உன் கல்யாணத்தைக்கூட என் மனச்சாட்சிக்கு ஒத்தடமாக எண்ணிக்கொண்டேன். எவ்வளவு கேவலம் பார். ஆனால் அவர் இத்தனை வருஷமாக என்னைச் சந்தேகப்படாமல் தன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. நான் அவர் உடம்பைக் கெடுத்தேன் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவர் சாமியையும் அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறேன்.

உனக்கு நான் சொல்ல உரிமையுள்ள புத்தி ஒன்றே ஒன்றுதான். நாளைக்கு உன் மனைவி உன்னிடம் ஒன்று கேட்டால், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்லாதே. நான் அப்படிப் பார்த்த அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் போனது.

இதுவரை வியாழக்கிழமை எழுதினேன். இரண்டு நாள் கிரீஸ் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். உனக்கு மட்டும் அனுப்பிவிட்டு ஏகாம்பரத்திடம் சொல்லாமல் இருந்துவிடலாமா என்றும் யோசித்தேன். அப்படி யோசித்ததையும் மறைக்க மாட்டேன். உன்னிடம் சொல்வது சுலபம், நீ என் மகன், என்னைத் திட்டினாலும் விட்டுவிட்டுப் போக மாட்டாய். இன்று சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். "வா சம்பந்தி" என்றார். அந்த வார்த்தையிலேயே பாதி தைரியம் போய்விட்டது. எழுந்து நின்று சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். "இன்னாத்துக்கு? புழுக்கமா? ஃபேன ஜாஸ்தி வைக்கட்டா?" என்று கேட்டார். கையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றேன்.

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு விரலை நீட்டித் தழும்பின் ஆரம்பத்திலிருந்து முதுகு வரை தடவிப் பார்த்தார். எல்லாம் சொன்னேன். லேசர், இருபத்தெட்டுத் துளை, அக்காவின் வரன், பத்திரிகைப் படம், அன்றைக்குப் பட்டறையில் இருந்த இரண்டு பேர், எல்லாம். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. சின்னக் குரலில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்.

"அப்போ என் நடையில குறை ஒண்ணும் இல்லியா?"

"இல்ல. ஒரு குறையும் இல்ல. நீ சரியாத்தான் நடந்தே" என்றேன். அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதார். அது என் மேல் இருந்த கோபத்தில் வந்த அழுகை இல்லை, தம்பி. அதனால்தான் எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

கவிதா தண்ணீர்ச் சொம்போடு உள்வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. சொம்பைத் தன் அப்பா பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அவருக்கு இது தெரியுமா?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். ஆபரேஷன் தெரியும், ஏகாம்பரம் என்னிடம் வந்து கேட்டது தெரியாது என்றேன். "முதல்ல அவருக்குச் சொல்லுங்க மாமா. சொன்னதும் என்கிட்ட அவரையே பேசச் சொல்லுங்க. அப்புறம்தான் நான் எதையும் சொல்வேன்" என்றாள். மாமா என்றுதான் சொன்னாள். அதை வைத்து நீ ஒன்றும் முடிவு கட்டாதே, பழக்கத்தில் வந்த வார்த்தையாகவும் இருக்கலாம். கடிதம் கிடைத்ததும் அவளிடம் பேசு. எனக்காக ஒரு வார்த்தை பேசாதே. அவள் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் நான் என்று ஊரில் நானே சொல்கிறேன். வேண்டும் என்றால் முகூர்த்தத்தன்று மேலுக்கு வெறும் துண்டோடு பந்தலில் நிற்பேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வேன். அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நான் புறப்படும்போது ஏகாம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு அத செஞ்ச டாக்டரு யாரு? பேரு இன்னா?" என்று கேட்டார். சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. மாங்காய் மாதிரி வரைந்த படம் நினைவிருக்கிறது, அவர் சிரித்தது நினைவிருக்கிறது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டது நினைவிருக்கிறது. பெயர் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் அப்படியே நின்றேன். மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது.

அவர் பெயர் என்ன, தம்பி? எழுதி அனுப்பு.

அப்பா